சேற்றை அளப்பதும் ஒரு தொழிலா: ஒரு தாயின் கேள்விக்கு விடை

அன்புள்ள அம்மா,

மருத்துவ இடம் கிடைக்காத உங்கள் மகள், பிச்சாவரம் போய்வந்த நாளிலிருந்து அலையாத்திக் காடுகள் கார்பனைச் சேமிப்பது பற்றியே படிக்கப்போவதாகச் சொல்கிறார் என்றும், சேற்றில் இறங்கி மரம் எண்ணுவதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

மேட்டுநிலக் காட்டில் உதிரும் இலை விரைவில் மட்கி, அதிலிருந்த கார்பனில் பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. அலையாத்திக் காட்டிலோ இலையும் வேரும் ஓதநீர் (கடல் ஏற்றத்தில் வந்து இறக்கத்தில் வடியும் நீர்) ஊறிய சேற்றில் புதைகின்றன. அங்கே ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாததால் மட்குவது மிக மெதுவாக நடக்கிறது. அதற்குமேல் வண்டல் படிந்துகொண்டே போவதால் அந்தக் கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் தங்குகிறது. இந்தோ-பசிபிக் பகுதியின் அலையாத்திக் காடுகளில் ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கார்பன் இருப்பதாகவும், அதில் பெரும்பங்கு மண்ணில்தான் இருப்பதாகவும் 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. காட்டை அழித்து இறால் பண்ணை வெட்டினால், காற்றுப் பட்ட அந்தச் சேறு சேர்த்துவைத்ததை வெளியே விட்டுவிடும். கடற்புல் வெளிகளும் உவர்ச் சதுப்புகளும் இவ்வாறே கார்பனைப் புதைத்து வைக்கின்றன. இவை மூன்றிலும் உள்ளதை 2009 முதல் ‘நீலக் கார்பன்’ என்கிறார்கள்.

வீட்டார் நினைப்பதுபோல் மரம் எண்ணுவதோடு இந்த வேலை முடிவதில்லை. மரங்களின் சுற்றளவை அளக்க வேண்டும். குழாயைச் செருகி ஒரு மீட்டர் ஆழம்வரை மண்ணை எடுத்து, துண்டுதுண்டாக உலர்த்தி எடைபோட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள கார்பனைக் கண்டறிய வேண்டும். அதைச் செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பரப்போடு இணைத்துக் கணக்கிட வேண்டும். ஒரு துண்டின் அடர்த்தியில் நேரும் பிழை காடு முழுவதற்குமான கணக்கில் பெருகி நிற்கும்.

அழிந்த காட்டை மீட்பதற்கு இன்னும் நுட்பமான அறிவு தேவைப்படுகிறது. பிச்சாவரத்தில் பழைய முறையில் பட்டை பட்டையாக மரம் வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து, ஓதநீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்து கன்றுகள் பிழைக்காமல் போயின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்த பிறகே காடு மீண்டது. கன்று நடும் விழாவைவிட நீரோட்டத்தை அறிந்த ஒருவரே அங்கே முதலில் தேவைப்பட்டார் என்பதை நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்கிறேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் அந்தக் காட்டில்தான் வளர்கிறது என்பதை அறியும்போது, இந்தப் படிப்பு உங்கள் மண்ணுக்கு அந்நியமானதல்ல என்பது புரியும்.

இனி வேலைவாய்ப்பு. வனத்துறை, சென்னையில் உள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம், தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகங்கள், தனியார் ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் இத்துறையினருக்கு இடம் உண்டு. ஆயினும் தொடக்க வேலைகள் பலவும் திட்டக்காலம் முடிந்தால் முடிபவை. கணினித் துறையில் சேரும் தோழியின் முதற்சம்பளத்தோடு ஒப்பிட்டால் மகளுக்கு மனம் வாடக்கூடும். காற்றில் சேராமல் காத்த கார்பனுக்கு ஈடாகத் தரப்படும் சான்றுகளான கார்பன் வரவுகளை விற்கும் சந்தையில் விலை ஏறி இறங்கும். அதை நம்பி மட்டும் பிள்ளையின் எதிர்காலத்தை அமைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆகவே, பருவநிலை, நீலக் கார்பன் என்று கவர்ச்சியாகப் பெயர் சூட்டிய இளநிலைப் பட்டங்களை இப்போது தவிர்த்துவிடுங்கள். இந்திய வனப்பணித் தேர்வு எழுத, தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றேனும் பாடமாக அமைந்த பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ வேண்டும். புதுப்பெயர் கொண்ட பட்டம் அந்தக் கதவைச் சாத்திவிடக்கூடும். உங்கள் மகள் இளநிலையில் தாவரவியல் எடுத்து, கூடவே புள்ளியியலும் நிலப்படத் தரவுகளைக் கணினியில் கையாளும் புவியியல் தகவல் முறைமையும் கற்கட்டும். முதுநிலைக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பிச்சாவரம் அதற்கு அருகிலேயே உள்ளது. பின்னர் தேசியத் தகுதித் தேர்வில் (நீட் அல்ல, முதுநிலைக்குப் பின் எழுதும் ‘நெட்’) இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால், முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். ஆராய்ச்சிக் காலத்தில் அவர் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிராது.

அடுத்த ஆண்டு மீண்டும் நீட் எழுத அவருக்கே விருப்பம் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை அமைதியாகக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கு மட்டும் பதில் இல்லை. இல்லை என்று சொன்னால், கல்லூரி விண்ணப்பத்தில் தாவரவியலை முதல் விருப்பமாக எழுதச் சொல்லுங்கள்.