நாலாவது வீடியோவுக்கு ஒன்பது இலட்சம் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 29, ஊர் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில். திருநெல்வேலியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கையில் வரும் சம்பளம் 85,000 ரூபா. பாட்டு எழுதிப் பாடுவேன், மெட்டுப் போடுவது ஒரு நண்பர். இரண்டு வருடத்தில் மூன்று வீடியோ பாட்டு யூடியூபில் விட்டோம். முதலாவதுக்கு 3 இலட்சம், இரண்டாவதுக்கு 4.5 இலட்சம், மூன்றாவதுக்கு 6.5 இலட்சம் செலவு. வியூஸ் முறையே 2,10,000, 1,60,000, 2,00,000. மூன்றாவதுக்கு மட்டும் 75,000 ரூபா கட்டி யூடியூபில் விளம்பரம் செய்தேன். யூடியூபில் இருந்து இதுவரை 1,14,000 ரூபா வந்தது. திருவிழா, கலியாண மேடைகளில் 11 தடவை பாடி 2,75,000 ரூபா கிடைத்தது. மூன்றாவது பாட்டுக்காக அம்மாவின் ஐந்து பவுண் நகையை வங்கியில் அடைவு வைத்து, 15 வீத வட்டிக்கு 6 இலட்சம் எடுத்தேன். இப்போது நெடுந்தீவில் இரண்டு நாள் படப்பிடிப்போடு நாலாவது பாட்டுக்கு 9 இலட்சம் கேட்கிறார்கள். அதில் ஒலிப்பதிவுக்கு மட்டும் 1,10,000. கனடாவில் இருக்கும் அத்தான் பாதி போடுகிறேன் என்கிறார். என் பாதிக்கு 3 இலட்சம் சீட்டை எடுத்து, சேமிப்பில் உள்ள 1.5 இலட்சத்தையும் போடலாம் என்று நினைக்கிறேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நிறுத்துவதா என்று மனம் கேட்கிறது. தங்கச்சிக்குக் கலியாணமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, 9 இலட்சத்துக்கு இந்த வீடியோ வேண்டாம். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த பாட்டைக் கட்டாயம் செய்யுங்கள், ஆனால் காசை வேறு இடத்தில் போடுங்கள்.

முதலில் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு’ என்ற எண்ணத்தைப் பார்ப்போம். போட்ட 14 இலட்சம் போனது போனதுதான். நாலாவது வீடியோ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது திரும்பி வராது. இனிப் போகப்போகும் 9 இலட்சம் என்ன கொண்டுவரும் என்பது மட்டும்தான் இப்போது கேள்வி.

மூன்றாவது பாட்டின் 2 இலட்சம் வியூஸில் ஏறத்தாழ ஒரு இலட்சம் விளம்பரத்தால் வந்தது என்று நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் தெரிகிறது. காசு கட்டி வாங்கும் அந்த வியூஸுக்கு யூடியூப் வருமானம் தராது. வருமானத் தகுதிக்குக் கேட்கும் 4,000 மணித்தியாலப் பார்வை நேரக் கணக்கிலும் அதைச் சேர்ப்பதில்லை. அதைக் கழித்தால் உங்கள் மூன்று பாட்டையும் தானாகப் பார்த்தது 4,70,000 தடவை. வந்த 1,14,000 ரூபாவை அதால் பிரித்தால் ஆயிரம் வியூஸுக்கு 240 ரூபா சொச்சம். விளம்பரத்துக்கு ஆயிரம் வியூஸுக்கு 750 ரூபா கொடுத்திருக்கிறீர்கள்.

இதே விகிதத்தில் 9 இலட்சம் திரும்பி வர 37 இலட்சம் வியூஸ் வேண்டும். உங்களுடைய ஆகக் கூடிய எண்ணிக்கை 2,10,000, அதுவும் ஆகக் குறைந்த செலவில் எடுத்த முதல் பாட்டுக்கு. மேடையில் பாடி எடுப்பதென்றால், 25,000 ரூபாப்படி புதிதாக 36 மேடை கிடைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் கிடைத்தது 11.

வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் உங்களுக்கு, மிச்சம் யூடியூபுக்கு. ஷோர்ட்ஸ் என்றால் 45 வீதம். கனடாவிலும் லண்டனிலும் இருந்து பார்ப்பவருக்குக் காட்டும் விளம்பரத்துக்குக் கிடைக்கும் விலை இங்கே பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை. அதனால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதோடு எந்த நாட்டில் இருந்து பார்க்கிறார்கள் என்பதையும் பாருங்கள். யூடியூப் காசு வரும் கூகிள் கணக்கான அட்சென்ஸில் வரி விபரத்தை நிரப்பியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே நிரப்புங்கள், நிரப்பாதவர்களிடம் கூகிள் கூடுதலாகப் பிடிக்கும். இங்கே 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் வரிவிலக்கு வருடத்துக்கு 18 இலட்சம். உங்கள் சம்பளம், மேடை, யூடியூப் எல்லாம் சேர்ந்தும் அதற்குள்தான், என்றாலும் பற்றுச்சீட்டுகளை எடுத்து வையுங்கள்.

இன்னொரு ஸ்கிரீன்ஷாட்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மூன்றாவது வீடியோவில் முதல் 40 விநாடி கடலுக்கு மேல் ட்ரோன் காட்சி. பாட்டுத் தொடங்க முன்னரே பார்த்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். முதல் பாட்டு மணற்காட்டுச் சவுக்கங்காட்டில் ஒரே நாளில் எடுத்தது, மூன்றாவது விநாடியிலேயே உங்கள் குரல் வருகிறது. அதில் ஆட்கள் கடைசிவரை நிற்கிறார்கள். 2021 இல் யொஹானி பாடிய சிங்களப் பாட்டு நாடு கடந்து ஓடியபோதும் அந்த வீடியோவில் பெரிய ஆடம்பரம் எதுவும் இருக்கவில்லை. அது எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. அதிகம் செலவழித்தால் அதிகம் பார்ப்பார்கள் என்பது உங்கள் சொந்தக் கணக்கிலேயே பிழைத்துவிட்டது.

என் அபிப்பிராயத்தில் பாட்டுத்தான் சொத்து, வீடியோ அதற்கான விளம்பரம். நீங்கள் சொத்துக்கு 1,10,000 ரூபாவும் விளம்பரத்துக்கு 7,90,000 ரூபாவும் போடப் பார்க்கிறீர்கள். ஒலிப்பதிவில் ஒரு ரூபாவும் குறைக்க வேண்டாம். மிக்ஸிங்குக்கு இன்னும் 20,000 கேட்டாலும் கொடுங்கள். நல்ல ஒலியை ஸ்பொட்டிஃபை, யூடியூப் மியூசிக் எல்லாவற்றிலும் விடலாம், மேடையில் ட்ராக்காகப் போடலாம், கலியாண வீடியோக்காரர் கேட்டால் காசுக்குக் கொடுக்கலாம். ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடினால்தான் காசு கணக்கு வைப்பார்கள். அதனால் அங்கே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். படத்துக்கு 60,000 ரூபாவுக்கு மேல் வேண்டாம். ஒரே இடம், ஒரே நாள், நல்ல வெளிச்சம், பாடும் முகம். ட்ரோனை இந்த முறை விடுங்கள். அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி எடுக்கும் அலைச்சலும் மிச்சம்.

சரி, நகைக்கு வருவோம். 6 இலட்சத்துக்கு 15 வீதம் என்றால் வருடத்துக்கு 90,000 ரூபா வட்டி. யூடியூப் இரண்டு வருடத்தில் தந்தது 1,14,000. அம்மாவின் சங்கிலிக்குக் கட்டும் வட்டியே உங்கள் மூன்று வீடியோவின் உழைப்பையும் தின்றுவிடும். தவணை தப்பினால் அறிவித்தல் வரும், பிறகு ஏலம். கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அந்தக் கடிதம் வந்து நிற்கக் கூடாது, தம்பி. இந்த இடத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

சேமிப்பில் உள்ள 1.5 இலட்சத்தில் 50,000 ரூபாவை அவசரத்துக்கு வைத்துவிட்டு, ஒரு இலட்சத்தை அடைவில் கட்டிக் குறையுங்கள். வருடத்துக்கு 15,000 ரூபா வட்டி அப்போதே மிச்சம். சேமிப்புக் கணக்கு அதில் பாதிகூடத் தராது, தரும் வட்டியிலும் 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். சீட்டை இப்போது கூறி எடுக்காதீர்கள், கழிவு அதிகம் போகும். கடைசித் தவணைகளில் எடுத்து அப்படியே அடைவுக்குக் கட்டுங்கள். இனி வரும் மேடைக் காசையும் நகை வீடு வரும்வரை அங்கேயே போடுங்கள்.

அத்தானிடம் மனம் விட்டுப் பேசுங்கள். அவர் தருவது அன்பளிப்பா, கடனா, பாட்டில் பங்கா? உறவுக்குள் எழுத்து எதற்கு என்று அக்கா கேட்பா. என்றாலும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள், பிறகு இரண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு வராது. உதவி செய்யத்தான் நினைக்கிறார் என்றால், அந்த 4.5 இலட்சத்தை வட்டியில்லாக் கடனாகத் தந்து நகையை மீட்க முடியுமா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் வீடியோவுக்குக் கேட்பதைவிட இது அவருக்கும் பாதுகாப்பு.

பெரிய வீடியோவுக்கு நான் ஓம் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. ஒரு நகைக்கடையோ புடவைக்கடையோ படப்பிடிப்புக்கு முன்னரே பாதிச் செலவைக் கையில் தந்தால், உங்கள் பங்கு முந்திய பாட்டின் வருமானத்துக்குள் அடங்கினால், தாராளமாக எடுங்கள். நெடுந்தீவில் எடுத்தே ஆகவேண்டும் என்ற ஆசையும் பிழையில்லை. அதற்கு மாதம் மாதம் சேருங்கள், ஆசைக்கான செலவு என்றே கணக்கில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. வரிகள் உங்களுடையவை, மெட்டு நண்பருடையது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவரின் உரிமை அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும் நிற்கும். யாருக்கு எத்தனை வீதம், பாட்டை வேறொருவர் கேட்டால் யார் சம்மதம் வேண்டும் என்பதை எழுதி, அடுத்த பாட்டின் ஒலிப்பதிவுக்குப் போக முன்னரே இருவரும் கையொப்பம் வையுங்கள். பழைய மூன்றுக்கும் சேர்த்தே வையுங்கள்.