தெனாகா பில்லும் மகனின் படிப்பும்

அன்புள்ள அம்மா,

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) முடித்துவிட்டு, நாட்டின் கார்பன் கணக்கை, அதாவது நாடு எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதைப் படிக்கப் போகிறேன் என்கிறார் தம்பி. "புகையைப் படிச்சா சோறு கிடைக்குமா சார்?" என்று கேட்டீர்கள். அன்றைய அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன்.

உங்கள் வீட்டுத் தெனாகா மின்சார பில்லையே எடுத்துக்கொள்வோம். மாதம் 400 யூனிட் என்றால், தீபகற்ப மலேசியாவில் யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு. மஞ்சோங், காப்பார் நிலையங்களில் எரியும் நிலக்கரிதான் பெரிய காரணம். ஆக, மாதம் 300 கிலோ. இதே 400 யூனிட் சரவாக் மாநிலத்தில் என்றால் மிகவும் குறையும். அங்கே பாக்குன் போன்ற அணைகளின் நீர்மின்சாரம் அதிகம். அதே விசிறி, அதே ஐஸ்பெட்டிதான்!

யோய்ச்சி காயா என்ற ஜப்பானியர் இந்தக் கணக்கை ஒரு நாட்டுக்கான பெருக்கலாக எழுதினார். மக்கள்தொகை, தலைக்கு எவ்வளவு உற்பத்தி, அந்த உற்பத்திக்கு எவ்வளவு எரிசக்தி, எரிசக்தியில் எவ்வளவு கார்பன். நான்கையும் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும். படித்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2005-ஐவிட 2030-க்குள் 45 விழுக்காடு குறைப்போம் என்று மலேசியா சொன்னது, உற்பத்தியில் ஒவ்வொரு வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) வெளியாகும் புகையின் அளவை; மொத்தப் புகையை அல்ல. உற்பத்தி ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ந்து, இந்த விகிதம் 3 விழுக்காடே இறங்கினால், மொத்தப் புகை கூடத்தான் செய்யும். நான் கேட்காமலே தம்பி இதைச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

சரி, வேலை? எஃகு, அலுமினியம், சிமெண்ட் வாங்கும் ஐரோப்பா 2023 அக்டோபரிலிருந்தே கார்பன் கணக்குக் கேட்கிறது. 2026 முதல் அதற்குக் கட்டணமும் உண்டு. பர்சா மலேசியா பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களும் இந்தக் கணக்கை அறிக்கையில் காட்டவேண்டியிருக்கிறது. தொழிற்சாலை, வங்கி, தணிக்கை நிறுவனம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடத் தெரிந்த ஆள் தேவை.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெயரில் 'பசுமை' என்று இருக்கிறதே என்று ஏதாவது தனியார் கல்லூரியில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்திலோ யூ.எஸ்.எம்மிலோ (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொருளாதாரம் கிடைத்தால் அதையே எடுக்கட்டும். கூடவே புள்ளியியல் பாடங்களை விடவே கூடாது. அறிக்கையை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப் பழகவேண்டும். நம் பிள்ளைகள் பலர் கணக்கில் தேறி இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்த முறை வரும்போது 12 மாத பில்லையும் எக்செலில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த மாதம் கூடியது, ஏன் கூடியது என்று தம்பியே எனக்கு விளக்கட்டும்.