ஒரு கடனட்டையை இன்னொரு கடனட்டையால் கட்டலாமா?

கொழும்பில் ஒரு வங்கியின் கடனட்டைப் பிரிவில் பதினாறு வருடம் வேலை செய்தேன். அங்கே நான் அதிகம் கேட்ட கேள்வி இந்தத் தலைப்புத்தான். இங்கே கேட்கச் சொன்னதும் அதே கேள்வி பல வடிவத்தில் வந்திருக்கிறது. பதில்களில் வரும் கணக்குக்கு வருடம் 26 வீத வட்டி என்று எடுத்திருக்கிறேன். உங்கள் மாதக் கூற்றில் என்ன வீதம் போட்டிருக்கிறதோ அதை வைத்துப் பாருங்கள்.

அண்ணா, ஒரு கார்டில் 3 இலட்சம் நிலுவை. மற்றக் கார்டால் ஏடிஎம்மில் காசு எடுத்து இதைக் கட்டினால் என்ன? (வெள்ளவத்தை)

வேண்டாம் தம்பி. பொருள் வாங்கினால்தான் சில வாரம் வட்டியில்லாத அவகாசம் கிடைக்கும். காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதற்கு மேல் எடுப்புக் கட்டணம் ஒன்றும் இருக்கிறது. 4 வீதக் கட்டணம் என்றால் 3 இலட்சத்துக்கு 12,000 ரூபா அன்றைக்கே போய்விடும். மாதம் சுமார் 6,500 ரூபா வட்டி முந்திய கார்டில் ஓடியது போலவே புதிய கார்டிலும் ஓடும். கடன் ஒரு ரூபாகூடக் குறையாமல் 12,000 கூடியதுதான் மிச்சம்.

வேறொரு வங்கியில் இருந்து கதைத்தார்கள். என் நிலுவையைத் தங்கள் கார்டுக்கு எடுத்து, 12 மாதத்தில் வட்டியில்லாமல் கட்டலாம் என்கிறார்கள். நம்பலாமா? (தெஹிவளை)

தங்கச்சி, இது வேறு விஷயம். பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர் என்பது இதுதான். ஒரு கார்டை இன்னொரு கார்டால் அடைப்பதில் எனக்குச் சம்மதமான வழி இது ஒன்றுதான். வங்கியே உங்கள் பழைய கார்டுக்குப் பணம் கட்டிவிடும். நீங்கள் புதிய வங்கிக்குத் தவணையாகக் கட்டுவீர்கள்.

வட்டியில்லை என்றாலும் கட்டணம் இருக்கும். 3 இலட்சத்துக்கு 6 வீதம் கேட்கிறார்கள் என்று வையுங்கள். 18,000 ரூபா. அதே 3 இலட்சத்தைப் பழைய கார்டிலேயே வைத்து 12 மாதத்தில் முடிப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 28,660 கட்ட வேண்டும், வட்டி மட்டும் கிட்டத்தட்ட 44,000 வரும். அப்போது ட்ரான்ஸ்ஃபரில் 26,000 ரூபா மிச்சம். இலாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் எவ்வளவு, ஒரேயடியாகவா மாதாமாதமா, இடையில் முழுவதையும் கட்டி முடித்தால் தண்டம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு எவருக்கும் ஞாபகம் இருக்காது.

நான் மேசையில் இருந்து திரும்பத் திரும்பப் பார்த்த மூன்று தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ட்ரான்ஸ்ஃபர் விண்ணப்பம் கொடுத்த அன்றே பழைய கார்டுக்குக் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள். பணம் போய்ச் சேரச் சில நாள் எடுக்கும், அதற்குள் கடைசித் திகதி தாண்டினால் தாமதக் கட்டணம் விழும். சேர்ந்த பிறகும் அடுத்த கூற்றில் இடைப்பட்ட நாட்களின் வட்டி சிறு தொகையாக வரும். ‘நான்தான் எல்லாம் முடித்துவிட்டேனே’ என்று விட்டால் அந்தச் சில நூறு ரூபாவே உங்கள் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் நிலுவையாக ஏறும்.

இரண்டாவது, புதிய கார்டிலேயே சாமானும் வாங்குவது. தவணையும் புதுச் செலவும் ஒரே கூற்றில் சேர்ந்து வரும். முழுவதையும் கட்ட முடியாத மாதம் வட்டி தொடங்கிவிடும். தவணை தவறினால் திட்டத்தையே இரத்துச் செய்து வழமையான வட்டிக்கு மாற்றும் நிபந்தனையும் பல இடங்களில் உண்டு.

மூன்றாவதுதான் எனக்கு மனம் நோவது. பழைய கார்ட் இப்போது வெறுமையாக இருக்கிறது, 3 இலட்சம் எல்லை திரும்பக் கிடைத்திருக்கிறது. தீபாவளி வருகிறது. ஒரு வருடத்தில் இரண்டு கார்டும் நிறைந்து வந்து நின்றவர்களுக்கு எத்தனையோ பேருக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். மாற்றும் அன்றே பழைய கார்டை மூட முடியாவிட்டால், எல்லையையாவது குறைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள்.

சிநேகிதரின் கடை மெஷினில் கார்டைத் தேய்த்துக் காசு வாங்கினால் வட்டியில்லாத நாட்கள் கிடைக்குமே? 3 வீதம்தான் கழிக்கிறார். (புறக்கோட்டை)

விற்காத பொருளுக்குப் பில் போடுவது கடைக்காரர் வங்கியோடு செய்த ஒப்பந்தத்தை மீறுவது. பிடிபட்டால் அவருடைய மெஷினும் போகும், உங்கள் கார்டும் போகும். அது ஒருபுறம். மாதாமாதம் இப்படித் தேய்த்தால் அந்த 3 வீதத்தை வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 36 வீதம். கடனட்டை வட்டியைவிட அதிகம் கொடுத்துக்கொண்டு வட்டியில்லை என்று நினைக்கிறீர்கள் ஐயா. சிநேகிதர் நல்லவராகவே இருக்கட்டும், இந்தக் கொடுக்கல் வாங்கலை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள்.

மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை தவறாமல் கட்டுகிறேன். கடன் ஏன் அசையவில்லை? (மட்டக்குளி)

3 இலட்சத்துக்கு 5 வீதம் குறைந்தபட்சம் என்றால் 15,000 கட்டுகிறீர்கள் அக்கா. அதில் 6,500 வட்டிக்குப் போகிறது, வாங்கிய கடனில் குறைவது 8,500தான். அடுத்த மாதம் அந்தக் கார்டிலேயே 8,500க்கு மளிகை வாங்கினால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். கார்டை அலுமாரியில் வைத்துவிட்டு, குறைந்தபட்சம் எவ்வளவு இறங்கினாலும் அதே 15,000ஐ விடாமல் கட்டுங்கள்.

அம்மாவின் நகை இருக்கிறது. அடகு வைத்து கார்டை முடிக்கலாமா? வீட்டில் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. (கொட்டாஞ்சேனை)

இரண்டாவது கார்டைவிட இது நல்லது என்றே சொல்வேன். வங்கியில் நகை அடகு வட்டி பெரும்பாலும் கடனட்டை வட்டியைவிடக் குறைவு. செட்டியார் தெருவில் தெரிந்த கடை என்று ஓடாமல், இரண்டு மூன்று வங்கிகளில் வட்டியைக் கேட்டு ஒப்பிடுங்கள். ஆனால் எந்த மாதம், எந்தக் காசில் மீட்பது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அது எழுத வரவில்லை என்றால் நகையைத் தொடாதீர்கள், தவணை தப்பினால் ஏலத்துக்குப் போய்விடும். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். கடன் இருப்பதை மறைத்துத்தான் முக்கால்வாசிக் குடும்பங்கள் இரண்டாவது கார்டுக்குப் போகின்றன.

கிரிப்பில் பெயர் இருந்தால் கறுப்புப் பட்டியலா? (பம்பலப்பிட்டி)

இல்லை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது கிரிப். அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. கடன் எடுத்த, கட்டிய, பிந்திய எல்லாமே அதில் இருக்கும், ஒழுங்காகக் கட்டியதும் சேர்த்துத்தான். கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம், ட்ரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பிக்க முன் பாருங்கள்.

கார்டை வெட்டி எறிந்துவிட்டேன், போதும்தானே? (கொள்ளுப்பிட்டி)

போதாது. கணக்கு திறந்தே இருக்கும், வருடாந்தக் கட்டணம் வரும். எழுத்தில் மூடச் சொல்லி, மூடியதற்குக் கடிதம் வாங்கி வையுங்கள்.

வேலை போய்விட்டது அண்ணா. இரண்டு கார்ட், இரண்டிலும் நிலுவை. மூன்றாவது கார்ட் எடுக்கவா? (இடம் எழுத வேண்டாம் என்றார்)

எடுக்க வேண்டாம். 2022இல் கடனட்டை வட்டி 18 வீதத்திலிருந்து 36 வீதம் வரை ஏறியபோது இப்படி வந்தவர்களை நிறையப் பார்த்தேன். தப்பியவர்கள் பிந்துவதற்கு முன்பே வங்கிக்கு வந்தவர்கள். கிளைக்குப் போய், வேலை போன கடிதத்தைக் காட்டி, நிலுவையைக் குறைந்த வட்டித் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மாதம் எவ்வளவு முடியும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள், முடியாத தொகைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நியாயமான பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். கடிதம் எழுதத் துணை வேண்டுமென்றால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து எழுதுவோம்.