பவுடர் பால் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை; நாலு மாதப் பிள்ளைக்குக் கேப்பைக் கூழ் ஆரம்பிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று. பிள்ளைக்கு நாலு மாதம், தாய்ப்பால் போதவில்லை என்று பச்சைப் பிள்ளைகளுக்கென்றே விற்கும் பவுடர் பாலும் (ஃபார்முலா) சேர்த்துக் கொடுக்கிறீர்கள். வீட்டுக்காரர் தினக்கூலி, நீங்கள் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறீர்கள். பவுடரைக் கொஞ்சம் தண்ணியாகக் கலக்கலாமா, பசும்பாலுக்கு மாறிவிடலாமா, இல்லை இப்போதே கேப்பை (ராகி) கூழ் கொடுக்கலாமா?

நான் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம். பீடி சுற்றும் சுளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். எங்கள் மைனி (அண்ணி) அங்கன்வாடி டீச்சர். கீழே சொல்வதில் பாதி அவர்கள் சொல்லித் தந்தது, மீதி பிள்ளை வளர்த்ததில் வந்தது. டாக்டர் சொன்னது வேறாக இருந்தால் டாக்டர் பேச்சைக் கேளுங்கள்.

முதலில், பவுடரைத் தண்ணியாகக் கலக்கக் கூடாது. பெரும்பாலான பாக்கெட்டில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டி ஒரு கரண்டி என்று போட்டிருக்கும். அதில் கை வைத்தால் பிள்ளைக்கு வயிறு நிறையும், எடை ஏறாது. அளவுக்கு மீறித் தண்ணீர் போனால் உடம்பில் உப்புச் சத்து இறங்கி வலிப்புகூட வரும். பாலில் மிச்சம் பிடித்த காசு ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோவுக்கும் போய்விடும். ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டால் பிள்ளை கொழுகொழுவென்று வரும் என்று எதிர்ப்பக்கம் இழுப்பவர்களும் உண்டு. அதுவும் தப்பு, சிறுநீரகத்துக்குப் பாரம்.

கட்டுப்படியாகவில்லை என்று நீங்கள் சொல்வது நியாயமான கணக்குதான். ஆறு கிலோ எடையுள்ள பிள்ளை முழுக்கப் பவுடரிலேயே வளர்ந்தால் நாளைக்குச் சுமார் 900 மில்லி குடிக்கும். அதற்கு நூறு கிராமுக்கு மேல் பவுடர் வேண்டும். 400 கிராம் பாக்கெட் நாலு நாள்கூட முழுசாக வராது. மாதம் 8 பாக்கெட் என்று வைத்தாலே 3,000 ரூபாயைத் தாண்டிவிடும். பீடிக் கூலியில் இதைத் தாங்க முடியாது. அதனால் பவுடரின் விலையைக் குறைக்கப் பார்ப்பதைவிடப் பவுடரின் தேவையைக் குறைக்கப் பாருங்கள். உங்களுக்குப் பால் இன்னும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பெரிய முதல்.

பால் ஊறுவதற்கு இழுவை வேண்டும். பிள்ளை சப்பச் சப்பத்தான் ஊறும். ஒரு வேளை பவுடர் கொடுத்தால் அந்த வேளைக்கு உடம்பு பால் சுரப்பதை விட்டுவிடும். பீடி சுற்றும் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்தால் கட்டு முடியாமல் எழுந்திருக்க மனசு வராது, பிள்ளை அழுதால் மாமியார் பாட்டிலை வாயில் வைத்துவிடுவார்கள், சாயங்காலம் பார்த்தால் "பாலே ஊற மாட்டேங்கு" என்று பேச்சு. சுளவை எடுக்கும் முன் ஒரு தடவை, நடுவில் எழுந்து ஒரு தடவை, முடித்த உடனே ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிப் பால் ரொம்ப முக்கியம், பால் சுரக்க வைக்கும் சுரப்பு அப்போதுதான் கூடுதல். மொத்தத்தில் 24 மணி நேரத்தில் எட்டுத் தடவைக்குக் குறையாமல் பிள்ளை மார்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முதலில் மார்பு, அப்புறம் தேவைப்பட்டால் பவுடர்.

எழுந்து வரும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புகையிலைத் தூள் படிந்த துண்டையோ மேல்சேலையையோ மாற்றுங்கள். தூளும் இலையும் கிடக்கும் அறையில் தொட்டில் கட்ட வேண்டாம்.

மார்பில் போட்டால் பிள்ளை கோபித்துக்கொண்டு திரும்புகிறது என்றால் மைனி சொல்லும் வழி ஒன்று உண்டு. பிள்ளை சப்பும்போது, கலந்த பவுடர் பாலையோ பீய்ச்சிய தாய்ப்பாலையோ, பால் ஊட்டும் சங்கிலிருந்து துளித்துளியாக மார்பின் மேல் வழியவிட வேண்டும். பால் வாய்க்கு வருவதால் பிள்ளை விடாமல் சப்பும், அந்த இழுவையில் ஊறலும் கூடும். இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும். இதற்கிடையில் பவுடரை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். எடை பார்த்துப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும். நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போகிறதா, இந்த வயசில் மாதம் அரைக் கிலோ அளவுக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். அங்கன்வாடியில் தராசு இருக்கிறது, எடை போடக் காசு கிடையாது.

பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடு. ஆனால் பால்சுறா கிடைக்கவில்லையே என்று கவலைப்பட்டு உட்கார வேண்டாம். கடையில் விற்கும் "பால் சுரக்கும்" மாவு டப்பாவில் காசைப் போடவும் வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு என்றே அங்கன்வாடியில் பிரசவம் ஆகி ஆறு மாதம் வரைக்கும் சத்துமாவு கொடுக்கிறார்கள். நீங்கள் இன்னும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறீர்கள், போய்க் கேளுங்கள். அதை வாங்கிவந்து மாட்டுக்குப் போடுகிற வீடுகளை எனக்குத் தெரியும். கொழுக்கட்டை பிடித்துத் தின்றால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

காசு விஷயத்தில் இன்னொன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி முதல் இரண்டு பிரசவத்துக்கு மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணமாகவும் 4,000 பெட்டகமாகவும் வரும். தவணையாகத்தான் வரும், பிரசவத்துக்குப் பிந்திய தவணை தடுப்பூசிக் கணக்கோடு சேர்ந்தது. பலருக்குப் பாதியில் நின்றிருக்கும். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி நம்பரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கிராம சுகாதார நர்ஸைப் பாருங்கள்.

பவுடர் வேண்டியிருக்கும் வரைக்கும் செலவைக் குறைக்க வழிகள் உண்டு. டின் வாங்காமல் ரீஃபில் அட்டைப்பெட்டி வாங்குங்கள். டப்பா மேல் மூளை வளர்ச்சி என்று எழுதியதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பவுடரில் என்னென்ன எவ்வளவு இருக்க வேண்டும் என்று அரசே வரையறை வைத்திருக்கிறது. பேர் மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. 120 மில்லி கலக்கி, பிள்ளை 70 குடித்து, மீதியைக் கொட்டுகிறோமே, அதை நிறுத்துவது. குடித்து வைத்த மிச்சத்தை மறுபடி கொடுக்கக் கூடாது, நம்மூர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். 60 கலக்குங்கள், கேட்டால் இன்னொரு 30. தண்ணீர் கொதித்து, சூடு முழுதாக இறங்கும் முன் பவுடரைப் போட்டு, அப்புறம் ஆற வையுங்கள். பாட்டிலும் நிப்பிளும் வாங்கிக் கொதிக்கவைத்துத் திண்டாடுவதைவிடச் சங்கோ பாலாடையோ மேல். ஒரு தடவை வாங்கினால் பேரன் வரைக்கும் வரும், இடுக்கு இல்லாததால் கழுவ லேசு. பிள்ளை ஆஸ்பத்திரிகளிலேயே குறைமாதப் பிள்ளைக்குப் பாலாடையில்தான் ஊட்டுகிறார்கள்.

பசும்பால் பற்றி. "நாங்கல்லாம் தண்ணி விட்ட பசும்பால்லதான் வளர்த்தோம், எவன் செத்தான்?" என்று எங்கள் ஆச்சி கேட்பாள். அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் சாகாமல் தப்பின என்று அவளிடம் திருப்பிக் கேட்டால் பேச்சு மாறிவிடும். ஆறு மாதத்துக்குள் வேண்டாம். பசும்பாலில் புரதமும் உப்பும் பச்சைப் பிள்ளைக்குக் கூடுதல், இரும்புச் சத்து மிகக் குறைவு. தண்ணி விட்டால் உப்பு குறையும், கூடவே சத்தும் குறையும். ஆறு மாதம் தாண்டினால் நிலைமை வேறு. தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்கு 6 முதல் 11 மாதம் வரை பவுடரும் கொடுக்கலாம், காய்ச்சிய விலங்குப் பாலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. நம்மூர் டாக்டர்கள் பலர் ஒரு வயசு வரைக்கும் பசும்பால் முக்கியப் பாலாக இருக்கக் கூடாது என்கிறார்கள். பவுடர் வாங்க வழியே இல்லை என்றால் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். மாறினால் தண்ணி கலக்காத பால், அதோடு இரும்புச் சத்துள்ள சாப்பாடு. ஆவினில் நீல பாக்கெட்டைவிடப் பச்சையில் கொழுப்பு அதிகம், அதை வாங்குங்கள். ஒரு வயசுக்கு மேல் 3, 4 என்று நம்பர் போட்டு விற்கும் பவுடர் எதுவும் தேவையில்லை.

இனி கேப்பைக் கூழ். நாலு மாதத்தில் வேண்டாம். இப்போது கூழ் போனால் அந்த அளவுக்குப் பால் குறையும், வயிற்றுப்போக்கு வரும் வழியும் திறக்கும். ஆறு மாதம் முடியட்டும், கழுத்து நின்று சாய்த்து உட்கார வைத்தால் உட்காரட்டும். அப்புறம் தாமதிக்கவும் கூடாது. திருச்செந்தூரில்தான் சோறு ஊட்டணும், நல்ல நாள் வரட்டும் என்று எட்டு மாதம் வரைக்கும் தள்ளிப்போடும் வீடுகள் இருக்கின்றன.

காசு இல்லாத வீட்டில் பிள்ளை மெலிவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணிச் சாப்பாடு. "கெட்டியா குடுத்தா செமிக்காது" என்று பருப்பை விட்டுவிட்டுப் பருப்புத் தண்ணியையும், சோற்றை விட்டுவிட்டுக் கஞ்சித் தண்ணியையும் கொடுப்பார்கள். சத்து அடியில் தங்கியிருக்க, மேல் தண்ணி பிள்ளைக்குப் போகிறது. ஆறேழு மாதப் பிள்ளையின் வயிறு 200 மில்லி கொள்ளும் சின்னப் பை. அதைத் தண்ணியால் நிரப்பினால் வேறெதுவும் போகாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்கிற பதம் வேண்டும். மேலே ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ ரேஷன் பாமாயிலோ விடுங்கள். அந்த ஒரு ஸ்பூனிலேயே 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை தாய்ப்பால் போக வெளிச் சாப்பாட்டிலிருந்து நாளைக்கு வேண்டியதே 200 கலோரிதான்.

கெட்டியாகக் கொடுத்தால் பிள்ளை விழுங்கத் திணறுகிறது என்றால் தண்ணி ஊற்றாமலேயே இளக்க வழி இருக்கிறது. கேப்பையை ராத்திரி ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டி முளைவிடுங்கள். முளை வந்ததும் வெயிலில் உலர்த்தி, லேசாக மட்டும் வறுத்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக் கூழைக் கிண்டி இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் இந்த மாவில் ஒரு சிட்டிகை போட்டுக் கிளறினால் சில நிமிஷத்தில் கூழ் இளகி ஊற்றுப் பதத்துக்கு வந்துவிடும். முளைவிட்ட தானியத்தில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் அப்படி. இளகியதும் ஒரு கொதி விட்டு இறக்குங்கள். சத்து அப்படியே இருக்க, பிள்ளை மடமடவென்று குடிக்கும். மாவைக் கருக வறுத்தால் இந்த வேலை நடக்காது.

மற்றதற்குத் தனிக் கடை தேட வேண்டாம். ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. ஒரு பங்கு சிறுபயறுக்கு இரண்டு பங்கு அரிசி வறுத்துத் திரித்தால் பல நாளைக்கு வரும். களக்காட்டுப் பக்கமிருந்து வரும் ஏத்தன் (நேந்திரம்) பழத்தை அவித்து மசியுங்கள். சாளை மீன் மலிவாக வரும் அன்றைக்கு முள்ளைச் சுத்தமாக எடுத்துக் கொஞ்சம், அவித்த முட்டை மசித்துக் கொஞ்சம். புதுசாக ஒன்று கொடுத்தால் மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. முப்பது சாமான் போட்ட ஹெல்த் மிக்ஸில் இது முடியாது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அங்கன்வாடி சத்துமாவு ஆறு மாதத்திலிருந்து பிள்ளைக்கும் உண்டு. அதில் வெல்லம் சேர்ந்தே இருக்கிறது, மேலே இனிப்பு வேண்டாம். ஒரு வயசு வரை உப்பு, சீனி, உடன்குடிக் கருப்பட்டி எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, சேனை வைக்கிறேன் என்று யார் வந்தாலும் சரி.

இரும்புச் சத்து மட்டும் இந்தச் சாப்பாட்டில் முழுசாக எட்டாது. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு மில்லி இரும்புச் சத்து சிரப் அரசாங்கமே தருகிறது, நர்ஸிடம் கேட்டு வாங்குங்கள். கறுப்பாகப் பீ போகும், பயப்பட வேண்டாம். சிரப்பையும் கொடுத்துவிட்டு, சுளவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் டீயில் பிஸ்கட்டை முக்கி ஊட்டினால் பிரயோஜனமில்லை. டீ இரும்பை உடம்பில் சேர விடாது. மாமியாரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். நர்ஸ் வீட்டுக்கு வரும்போது அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறவில்லை, இல்லை பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுக்கிறது என்றால் இங்கே பதில் தேட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், அவர்கள் சொன்னால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.