அடிதடி நடந்த கல்லூரியில் புது மாணவர்களை எப்படி வரவேற்பது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியையாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஊர், மதம் என்று மாணவர்கள் பிரிந்து மோதியதில் வகுப்புகளே நின்றுபோயின. இன்றும் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் தயங்குகிறார்கள். வரவேற்பு நாளில் குத்துவிளக்கு ஏற்றி, மும்மதத்தாரையும் மேடையேற்றலாம் என்கிறார் முதல்வர். அது போதுமா?

பதில்: போதாது. மேடையில் மூன்று பேர் ஒற்றுமை பேசுவார்கள். கீழே பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வந்தவர்களோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில், நடந்ததைச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். கல்லூரி வாய் திறக்காவிட்டால் பழைய பகையெல்லாம் ஒருபக்கக் கதையாகத்தான் பிள்ளைகளின் காதுக்குப் போகும். என்ன நடந்தது, நிர்வாகம் எங்கே தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று முதல்வரே ஐந்து நிமிடம் வாசிக்கட்டும். யார் பெயரும் வேண்டாம். அன்று அடிபட்டவர்களின் குடும்பங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சடங்கு. அவரவர் ஊர் மண்ணையோ தண்ணீரையோ கொண்டுவந்து கலக்கும் யோசனை பல இடங்களில் நன்றாக இருக்கும், இங்கே வேண்டாம். நம் மாவட்டத்தில் ஊர்ப்பெயரைச் சொன்னாலே சாதியும் மதமும் பாதி தெரிந்துவிடும். சேர்ந்து சாப்பிட வையுங்கள். தீண்டாமை கொடிகட்டிப் பறந்த 19ஆம் நூற்றாண்டில் சுவாமித்தோப்பில் சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் எல்லோரையும் முத்திரிக்கிணறு என்ற ஒரே பொதுக் கிணற்றில் நீராட வைத்தார், ஒரே பந்தியில் உட்கார வைத்தார். அந்த வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மதத்தின் படமும் பாட்டும் வேண்டாம்.

அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) காந்தாரி மிளகாய்த் துவையலும் போதும். கடற்கரைப் பிள்ளையும் மலையோரப் பிள்ளையும் வீட்டில் சாப்பிடுவதுதான். சீட்டு குலுக்கி இடம் கொடுங்கள். பரிமாறுவது மூத்த மாணவர்கள். யாரைப் பார்த்துப் பயந்து வந்தார்களோ அவர்களே குனிந்து இலையில் கிழங்கு வைத்து, “இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?” என்று கேட்க வேண்டும். அந்த மூத்தவர்களோடு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். இந்த வேலையை அவசரமாகச் செய்தால் பந்தியிலேயே கேலி தொடங்கிவிடும்.

சாப்பிட்டதும் பத்து நிமிட அமைதி. பெயர் எழுதாத தாளில் ஒரே கேள்வி: “இங்கே எதை நினைத்துப் பயப்படுகிறாய்?” விருப்பமில்லாதவர் வெறும் தாளை மடித்துப் போடலாம். யாரையும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லாதீர்கள். வந்த பயங்களுக்கு அந்த வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் பதில் ஒட்ட வேண்டும். கழிப்பறைப் பக்கம் இருட்டு என்று ஒருவர் எழுதியிருந்தால், பதில் அங்கே எரியும் விளக்காக இருக்கட்டும்.

சட்ட ஏற்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். 1997ஆம் ஆண்டு தமிழ்நாட்டு ராகிங் தடைச் சட்டப்படி ராகிங்குக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதிகள் மாணவர், பெற்றோர் இருவரிடமும் உறுதிமொழிப் பத்திரம் கேட்கின்றன. ராகிங் உதவி எண் 1800-180-5522. அதை விடுதிச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் பெரிதாக எழுதி வையுங்கள்.