மரப்பாவையா, தோல்பாவையா? கொடைக்கு எதை அழைப்பது?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு ராத்திரி பொம்மலாட்டம் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். விசாரித்தால் ஒருவர் தோல்பொம்மை என்கிறார், இன்னொருவர் மரப்பொம்மை என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? எது பழசு? நாங்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? (தென்காசி மாவட்ட வாசகர்)

பதில்: இரண்டும் வேறு வேறு கலைகள். முடிவெடுக்கும் முன் ஒரு ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் திடலில் போய் நின்று பாருங்கள். சீரியல் செட்டையும் டியூப் லைட்டையும் அணைத்து முழு இருட்டாக்க முடியுமா? முடியும் என்றால் தோல்பாவைக்கூத்து. வழியில்லை, கூட்டமும் தூரம் வரை உட்காரும் என்றால் மரப்பொம்மலாட்டம்.

தோல்பாவைக்கு ஏன் இருட்டு வேண்டும் என்றால், அது விளக்கை நம்பிய கலை. ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கி, உருவம் வெட்டி, துளையிட்டு, சாயம் தீட்டுகிறார்கள். வெள்ளைத் திரையில் பாவையை ஒட்டிப் பிடித்துப் பின்னால் விளக்கு வைத்தால் சிவப்பும் பச்சையுமாக வண்ணமே திரையில் எழும். (பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் கம்பராமாயணப் பாட்டோடு நடக்கும் கூத்தில் விழுவது கருநிழல், அங்கே 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள்.) ராமன், சீதை, ராவணன், நடுவில் வந்து வயிறு குலுங்க வைக்கும் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று அத்தனை பேருக்கும் பெரும்பாலும் ஒரே கலைஞர்தான் குரல் கொடுப்பார். அதனால் வேறெதில் செலவைக் குறைத்தாலும் மைக் செட்டில் குறைக்காதீர்கள்.

மரப்பொம்மலாட்டத்தில் பாரம்தான் விஷயம். கல்யாண முருங்கை மரத்தில் செய்த பொம்மை நாலரை அடி உயரம், 10 கிலோ எடை வரைகூட இருக்கும். பொம்மையின் கயிறுகளைக் கட்டிய இரும்பு வளையத்தை ஆட்டுபவர் சும்மாடு மாதிரித் தலையில் வைத்துக்கொள்வார். பொம்மையின் கைகளை இரும்புக் கம்பியால் இயக்குவார். அவர் தலை சாய்ந்தால் பொம்மையும் சாயும். இத்தனை எடையோடு ஆடுகிறவரின் காலடியில் பலகை அசையக் கூடாது. உறுதியான மேடை போடுங்கள். தொடக்கத்தில் வரும் விநாயகர் பூசையையும் கோமாளி ஆட்டத்தையும் நேரமில்லை என்று வெட்டச் சொல்லாதீர்கள், அதுவும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான்.

சரி, எது பழசு? மரப்பாவை நாணால் (கயிற்றால்) உயிருள்ளதுபோல் மயக்குவதைத் திருக்குறள் 1020ஆம் குறளிலேயே சொல்லிவிட்டது. தோல்பாவையும் இளையதல்ல. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தன்னையே ‘தோலின் பாவைக் கூத்தாட்டாய்’ சுழன்று விழுந்து கிடப்பவன் என்கிறார். இன்று தோல்பாவை ஆட்டும் மண்டிகர் சமூகக் குடும்பங்கள் வீட்டில் மராத்தி பேசுகிறார்கள், தஞ்சை மராட்டியர் ஆட்சியை ஒட்டி வந்தவர்கள். இதை வைத்துத் தோல்பாவைக்கூத்தே மராட்டியர் கொண்டுவந்தது என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி தொடங்கியது 1676 வாக்கில். திருவாசகம் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. வந்த குடும்பங்கள் வேறு, இங்கே முன்பே இருந்த கலை வேறு. தாய்மொழி மராத்தியாக இருந்தும் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் கதை சொல்லி அந்தக் கலையை நம் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். அந்த நன்றி நமக்கு வேண்டும்.

உங்களுக்கு என் யோசனை தோல்பாவைதான். மரப்பொம்மைக் குழுக்களுக்குக் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் போக வேண்டும். தோல்பாவைக் கலைஞர்கள் அதைவிடக் கிட்டத்தில், கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். கலை பண்பாட்டுத் துறையிலோ தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையத்திலோ விசாரிக்கலாம். இடைத்தரகர் வேண்டாம், குடும்பத்தோடு நேரில் பேசி முன்பணம் கொடுங்கள். பாவைப் பெட்டியோடு வந்து போக வண்டி, சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் உங்கள் பொறுப்பு.

அப்புறம் கதை. பத்து ராத்திரி ஆடிய ராமாயணத்தை இரண்டு மணி நேரத்தில் அடக்கச் சொன்னால் ஒன்றுமே மனதில் நிற்காது. அனுமன் இலங்கையை எரிக்கும் பகுதி மட்டும் போதும் என்று கேளுங்கள். உச்சிக்குடும்பனுக்கு எவ்வளவு நேரம் என்பதை மட்டும் கலைஞரிடமே விட்டுவிடுங்கள். கூட்டம் சிரிப்பதைக் கேட்டுத்தான் அவர் அதை நீட்டுவார்.