கடலோரத்தில் நிலமும் வீடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொல்லங்கோடு, பொழியூர், பூவாறு பக்கத்திலிருந்து. தமிழக-கேரள எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கூடாது என்று சொல்லும் சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். கடலோர மண்டல வரைபடமும் கடலோர மேலாண்மை ஆணையமும் அனுமதி தரும் அலுவலகமும் வேறு. மாநிலம், ஊராட்சியா நகராட்சியா, சர்வே எண் மூன்றையும் எழுதுங்கள்.

மிடாலம் பக்கம் 12 சென்ட் தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது. கடலிலிருந்து 50 மீட்டர் விட்டால் போதும் என்று புரோக்கர் சொல்கிறார். வாங்கலாமா?

அந்த 50 மீட்டர் 2019 சிஆர்இசட் அறிவிக்கையில் உள்ளது. அதுவும் எல்லா ஊருக்கும் கிடையாது. 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊராட்சிப் பகுதிக்கு மட்டும். மற்ற ஊராட்சிகளில் கட்டுமானத் தடை 200 மீட்டர் வரை. இன்னொன்று, 2019 அறிவிக்கையின்படி வரைந்த வரைபடத்துக்கு மத்திய அமைச்சகம் ஒப்புதல் தந்த பிறகுதான் இந்தச் சலுகை அமலுக்கு வரும். கேரளத்துக்கு 2024 அக்டோபரில் கிடைத்தது. ஒப்புதல் இல்லாத வரை 2011 விதிதான். உங்கள் ஊருக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று நாகர்கோவிலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

தூரத்தை அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஏற்றத்தில் கடல் தண்ணீர் எட்டும் கோட்டிலிருந்து. நீங்கள் மாசி மாதம் போய் நிற்கும்போது அலை எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது. பத்திரத்தில் 'மேற்கெல்லை கடல்' என்று எழுதியிருப்பதும் உதவாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சர்வே எண்ணை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.

கடலோரத்தில் அப்பா கட்டிய ஓட்டு வீடு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா? (வள்ளவிளை)

அனுமதி பெற்ற வீடாக இருந்தால் கட்டலாம். பழைய அடித்தளப் பரப்பு கூடக்கூடாது. பழைய வீட்டு வரி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இடிப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள்.

கரையிலிருந்து 150 மீட்டரில் போர்வெல் போடலாமா?

பொதுவாகக் கூடாது. உள்ளூர் மக்கள் வசிக்கும் பகுதியில் அவர்கள் சொந்தத் தேவைக்கு மட்டும் விலக்கு உண்டு.

எங்கள் இடம் பூவாற்றில், நெய்யாற்றங்கரையில். கடலே கண்ணுக்குத் தெரியாது. இதற்கும் சிஆர்இசட் உண்டா?

உண்டு. ஓதம் ஏறும் தூரம் வரை ஆறும் காயலும் சட்டத்துக்குள் வரும். கடுங்கோடையில் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருக்கும் இடத்தை எல்லையாக வைப்பார்கள். அதுவரை கரையிலிருந்து 50 மீட்டர், அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. பழைய விதியில் இது 100 மீட்டர். தேங்காப்பட்டணத்தில் குழித்துறையாற்றின் பொழிமுகத்தை ஒட்டி நிலம் பார்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் முதல் துப்பு கிடைக்கும். அப்புறம் வரைபடம்.

கடலிலிருந்து 300 மீட்டரில் மூன்று மாடி லாட்ஜ். ஊராட்சியே பிளான் அனுமதி கொடுத்துவிட்டது. இனி யாரும் கேட்க முடியாது அல்லவா?

கேட்பார்கள். கொச்சி மரடு கதை தெரியாதா? 2006இல் மரடு பஞ்சாயத்து கொடுத்த பெர்மிட்டை நம்பித்தான் அங்கே அடுக்குமாடிகள் எழுந்தன. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் வெடி வைத்து நான்கு கட்டடங்களையும் தரைமட்டமாக்கினார்கள். சுமார் 340 குடும்பங்களின் வீடு. ஊராட்சி அனுமதி ஒன்று, சிஆர்இசட் அனுமதி வேறொன்று. 300 சதுர மீட்டருக்குள் சொந்தக் குடியிருப்புக்கு மட்டும் 2019 அறிவிக்கையில் உள்ளாட்சியே அனுமதி தரலாம். அப்போதும் கடலோர விதியைப் பார்த்துத்தான் தர வேண்டும். லாட்ஜ் அதில் வராது. மேலும், ஊராட்சிப் பகுதியில் குடியிருப்புக்கே 9 மீட்டர் உயரம், இரண்டு தளம் என்றுதான் விதி. வேலையை நிறுத்திவிட்டு மாநில ஆணையத்துக்கு எழுதுங்கள். முதலில் கட்டிவிட்டு அப்புறம் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள்.

நீரோடி அருகே எங்கள் ரிசார்ட் நிலத்தைக் கடல் அரிக்கிறது. சொந்தச் செலவில் பத்து லோடு கருங்கல் தட்டினால் யார் தடுப்பது?

நான் தடுக்கிறேன், சட்டமும் தடுக்கிறது. கடலரிப்புத் தடுப்பு வேலையை ஆய்வு செய்து, ஆணையத்தின் அனுமதியோடுதான் செய்ய முடியும். தனியார் லாரியில் கொண்டுவந்து கல் கொட்டுவதற்கு எந்த அறிவிக்கையிலும் இடமில்லை.

இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன். ஆனி ஆடியில் கடல் மண்ணை எடுக்கும். கடல் அடங்கியதும் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவரும். நடுவில் கல் வைத்தால் அலை அதில் மோதித் திரும்பும் வேகத்தில் கல்லின் அடியில் உள்ள மண்ணைத் தோண்டுகிறது. கல் இறங்குகிறது, மறுபடியும் கல். சுவர் முடியும் இடத்தில் அடுத்தவன் மண் போகிறது. அவனும் கல் கேட்கிறான். கேரளத்தின் 590 கிலோமீட்டர் கரையில் பாதியளவு இப்படித்தான் கல் கட்டியாயிற்று. அரிப்பு நின்றதா? கொச்சி அருகே செல்லானத்தில் பழைய சுவர் தாங்காமல், 7 கிலோமீட்டருக்கு 300 கோடிக்கு மேல் செலவழித்து டெட்ராபாட் என்ற நாலு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்க வேண்டியதாயிற்று.

நம் எல்லையில் இது இன்னும் மோசம். நீரோடியில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டதால்தான் எங்கள் வீடுகள் போயின என்று பொழியூர்க்காரர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். மண்ணுக்கு மாநில எல்லை தெரியாது. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு ஊராட்சியும் தீர்மானம் போட வேண்டும். கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களுக்கு நிற்க மணல் வேண்டும், வள்ளம் ஏற்ற மணல் வேண்டும். கல் வந்த கரையில் இரண்டும் போச்சு. அலை வாசலுக்கே வந்துவிட்ட மீனவர் தெருவுக்குக் கல் போடாதே என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. உங்கள் ரிசார்ட் அப்படியில்லை. முன்பக்க மதிலைப் பின்னுக்கு இழுங்கள். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் வெட்டாமல் விடுங்கள், அவை மணலைப் பிடித்து வைக்கும்.

ஊரில் மணல்மேட்டை இரவில் ஜேசிபி வைத்துச் சரிக்கிறார்கள். யாரிடம் புகார் சொல்வது?

மணல்மேடு முதல் வகை, சிஆர்இசட் 1. தொடவே கூடாது. ஆட்சியருக்கு எழுதுங்கள், மாவட்டக் கடலோர மேலாண்மைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தக் குழுவில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்திலிருந்து குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று 2011 விதி. உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று கேட்டு, புகாரின் நகலை அவர்களுக்கும் கொடுங்கள். தேதி, சர்வே எண், போட்டோ அவசியம். பலனில்லை என்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. கேரளத்துக்கும் அதுதான். சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இரண்டு வருடம் பொறுத்துவிட்டு எனக்கு எழுதுபவர்கள் இந்த வரியை மறுபடி படியுங்கள்.

வீட்டில் இரண்டு அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமா? (குறும்பனை)

உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டில் ஹோம்ஸ்டே நடத்த 2019 அறிவிக்கை இடம் தருகிறது. அடித்தளமும் முகப்பும் மாறக்கூடாது. மேலே ஷீட் போட்டு மூன்றாவது அறை எடுத்தால் அது வேறு வழக்கு. செப்டிக் டேங்க் தண்ணீரைக் கடலுக்கு விடாதீர்கள்.